அஞ்சும் குட்டிக்கு அடைக்கலம்

கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குக் கூடையில் வந்த இரண்டு மாத நாட்டு நாய்க்குட்டி, பேருந்து இரைச்சலில் மிரண்டு, நம் இல்லத்து விறகுக் குவியலின் பின்னே இரு நாள் ஒடுங்கிக் கிடந்தது. திருப்பி அனுப்பிவிடலாம் என்றார் சமையற்காரர். இழுத்தெடுக்க முனைந்தனர் சிறுவர். இரு சாராரையும் நாம் தடுத்தோம். சாக்கு விரித்து, சோறும் நீரும் வைத்து, உற்று நோக்காமல் தள்ளி அமர்ந்தோம். மூன்றாம் நாள் அது தானே வந்து நம் விரல்களை முகர்ந்தது.

அன்பர்களே, பிறந்த 3 முதல் 12 வாரம் வரை குட்டி மனிதரோடு பழகக் கற்கும் முக்கிய பருவம் என்பதை, ஸ்காட், ஃபுல்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1965-இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். அப்போது அடியும் அதட்டலுமே கண்ட குட்டி, பின்னாளில் அச்சத்தாலேயே கடிக்கக்கூடும். எனவே 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடத் தவறாதீர்கள். கடிக்கும் நாயை வைவதினும், கடிக்காத நாயாக வளர்ப்பதே நம் கடமை.