பேர் வெட்டிய பிறகும் அதே மலை

அறுபது வயதானால் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். பிறகும் அதே ஆள் அதே மலையில் கொழுந்து எடுப்பார். நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டுக்கு மேலே, ஒரு தோட்டத்தில் நான் பார்த்தது இதைத்தான்.

நிரையில் முன்னால் நின்ற அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. இடுப்பில் படங்கு, முதுகில் சாக்கு. மட்டக்கம்பைச் செடிமேல் கிடத்தி, அதற்கு மேலே எழும்பி நிற்கும் ஈரிலையையும் மொட்டையும் மட்டும் கிள்ளுகிறார். இரண்டு கையும் வெவ்வேறு கிளையில். உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் வீச்சு. கைக்குள் கொழுந்தை இறுக்கக்கூடாது. நசுங்கினால் ஸ்டோருக்குப் போகுமுன்பே சிவந்துவிடும். பக்கத்தில் நின்ற இளம்பெண் முற்றிலையையும் சேர்த்து இழுத்தபோது, "அது சாக்குல ஏறும், தராசுல ஏறாது" என்றார். கங்காணி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லவேண்டியதை அம்மாவே சொல்லிவிட்டாரே.

"இப்ப கைக்காசு தம்பி. கிலோவுக்குத்தான் காசு. கொழுந்து கொட்டுற காலத்துல கூப்பிடுவாங்க, வறட்சியில யாரும் தேடமாட்டாங்க."

சம்பள நிர்ணய சபை வழியாக 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயானது. 2024இல் அடிப்படைச் சம்பளமே 1350 ஆனது. மேடைகளில் பெரிதாகப் பேசப்பட்ட இந்தத் தொகைகள் இந்த அம்மாவின் தராசுக்கு வந்து சேரவில்லை. மருமகளுக்குப் பேர் இருக்கிறது. "வீட்டுல ஒரு பேராவது இல்லாட்டி லயத்துக் காம்பராவுல எப்படி இருக்கிறது?" என்கிறார் அம்மா. மகன் கொழும்பில் கடை வேலை. மலைக்கு ஆளில்லை என்று நிர்வாகங்கள் அலுத்துக்கொள்ளும் காலத்தில், இருக்கிற கைகாரரின் பேரை வெட்டிவிட்டு அவரையே மலிவாகக் கூப்பிடுவது நல்ல கணக்குத்தான், யாருக்கு என்று கேட்காதவரை.

2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பதினைந்து பேருக்குக் குறையாத தனியார் வேலையிடங்களில் அறுபதுக்கு முன் வயதைக் காட்டி ஓய்வில் அனுப்புவதைத் தடுக்கிறது. அறுபதுக்குப் பிறகு வேலை வாங்கக்கூடாது என்று அது சொல்லவில்லை. வாங்கினால் உரிமையில்லாமல் வாங்கலாம் என்றும் சொல்லவில்லை. ஊழியர் சேமலாப நிதி நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமானதல்ல. தற்காலிகமாகவோ துண்டுக் கணக்கிலோ வேலை செய்பவருக்கும் தொழிலாளி பங்கு 8 சதவீதம், தோட்டத்தின் பங்கு 12 சதவீதம் கட்டப்படவேண்டும். ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு, வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம் என்ற கணக்கில் சேவைக்காலப் பணம் உண்டு. வேலை முடிந்து முப்பது நாளுக்குள் அது கைக்கு வரவேண்டும்.

அந்த அம்மாவிடம் சம்பளத் துண்டு எதுவும் இல்லை. நிறுத்த கிலோவைத் தானே ஒரு பழைய கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் வீட்டில் கைக்காசுக்குப் போகிறவர் இருந்தால், அவரும் அப்படித் தேதி போட்டு எழுதி வைக்கட்டும். தொழில் திணைக்களத்தில் முறையிடப் போகும்போது அந்தக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.