எங்கள் வேலியில் வந்த விருந்தாளி

எங்கள் வீட்டு முன்னால் நந்தியாவட்டை வேலி இருக்கிறது. அம்மிச்சி நட்டது. தினமும் அதில் பூப்பறித்துத்தான் சாமி படத்துக்கு வைப்பாங்க.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு நாள் காலையில் பார்த்தால், ஒரு பக்கம் இலையே இல்லை. வெறும் குச்சி! கீழே மிளகு கொட்டியது போல் எச்சம். உற்றுப் பார்த்தேன். விரல் தடிமனில் பச்சைப் புழு! தலைப் பக்கம் நீலமாக இரண்டு கண். கத்திவிட்டேன்.

அது கண்ணே இல்லையாம். எதிரியைப் பயமுறுத்தும் புள்ளியாம். அரளி, நந்தியாவட்டை இலை தின்னும் அந்துப்பூச்சியின் புழு என்று அறிவியல் ஆசிரியர் சொன்னார். முருங்கைக் கம்பளிப்பூச்சி மாதிரி இது அரிக்காது.

பனியன் கம்பெனியிலிருந்து வந்த அப்பா, "மருந்து வாங்கியாறேன், ஒரே அடியில போயிரும்" என்றார். நானும் தலையாட்டினேன். அம்மிச்சி மட்டும், "வேலிக்கு அடியில பாரு கண்ணு" என்றாங்க. எங்கள் கோழி எட்டுக் குஞ்சுகளோடு கிளறிக்கொண்டிருந்தது. "மேல அடிச்சா கீழ சொட்டாதா? அதைக் கொத்துற குஞ்சு என்னாகும்?" எனக்குப் பேச்சு வரவில்லை.

ஆடியில் பொறுக்கிக் காயவைத்த வேப்பங்கொட்டை பானையில் இருந்தது. 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பு. இடித்து, பனியன் துணியில் முடிந்து, ராத்திரி முழுக்க ஊறவைத்தோம். காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்தோம். சோப்பு இருந்தால்தான் இலையில் ஒட்டும்.

நான் அவசரப்பட்டு உச்சி வெயிலில் தெளித்தேன். மறுநாளும் புழு இருந்தது! "இது வேலைக்காவாதுங்க அம்மிச்சி" என்று கோபித்துக்கொண்டேன். ஆசிரியரிடம் கேட்டபோதுதான் புரிந்தது. வேம்பு உடனே கொல்லாது, தின்பதை நிறுத்தும். வெயிலில் அதன் வீரியம் குறைந்துவிடும். சாயங்காலம் தெளிக்க வேண்டும்.

வேப்ப எண்ணெயால் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு 1994-ல் ஐரோப்பாவில் காப்புரிமை கொடுத்தார்களாம். இது இந்தியாவில் முன்பே தெரிந்தது என்று வழக்கு நடந்து, 2000-ல் ரத்தானது, 2005-ல் அது உறுதியானது என்றும் ஆசிரியர் சொன்னார். வீட்டில் சொன்னேன். அம்மிச்சி சிரித்தாங்க: "எனக்குத் தெரிஞ்சதுக்கு எவங்கிட்டச் சீட்டு வாங்கோணும்?"

அன்று சாயங்காலம் மறுபடி தெளித்தோம். ராத்திரி டார்ச் அடித்து 27 புழுக்களைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டோம். ஒன்றை மட்டும் பாட்டிலில் வைத்து இலை போட்டு வளர்த்தேன். அது கூட்டுப்புழுவாகி, சில வாரத்தில் ராணுவ உடை மாதிரி பச்சைப் பூச்சியாக வந்தது. அவ்வளவு அழகு! அதை வேலியைவிட்டு ரொம்ப தூரம் கொண்டுபோய் விட்டேன்.

இப்போது வேலி மறுபடி துளிர்த்துவிட்டது. எட்டுக் குஞ்சும் இருக்கிறது. நண்பர்களே, உங்கள் வேலியிலும் புழு வந்தால் கடைக்கு ஓடாதீர்கள். எங்கள் வீட்டுப் பானையில் இன்னும் கொட்டை இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவி, வீரபாண்டி