கோட்டையும் கொடிமுந்திரியும்

"திண்டுக்கல்லுக்கா போகிறீர்கள்? வரும்போது ஒரு நல்ல பூட்டு வாங்கி வாருங்கள்!" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள். திண்டுக்கல் என்றதும் பூட்டு ஞாபகம் வருவது இயற்கைதான். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு ஆயிற்றே! ஆனால், நேயர்களே, பூட்டோடு திரும்பி விடாதீர்கள்.

பிரான்ஸ் தேசத்தில் செயின்ட் எமிலியான் என்று ஒரு பழைய ஊர் உண்டு. பழங்காலத்துக் கல் கட்டடங்கள், சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். அதைப் பார்க்க உலகமே போகிறது. கோட்டையும் கொடிமுந்திரியும் சேர்ந்த ஊர் நமக்கு மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

வெயில் ஏறுமுன் மலை ஏறிவிடுங்கள். சாய்ந்துகொள்ளும் திண்டைப் போன்ற பாறை, அதனால்தான் திண்டுக்கல். பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள். கோட்டையைக் கட்டத் தொடங்கியவர் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர், வருஷம் 1605. மேலே நின்றால் மேற்கே பழனி மலைத் தொடரும் தென்கிழக்கே சிறுமலையும் தெரியும். நடுவே மதுரைக்குப் போகும் பாதை. அந்த வாசலுக்குப் போட்ட பூட்டுத்தான் இந்தக் கோட்டை!

1755இல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்தார். 1772இல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்த சிவகங்கை ராணி வேலு நாச்சியார், பெண் குழந்தையோடு இந்தச் சீமைக்குத்தான் வந்து சேர்ந்தார். விருப்பாச்சி கோபால் நாயக்கர் ஆதரவு தந்தார். ராணி ஹைதரிடம் உருதுவிலேயே பேசி உதவி கேட்டதாகச் சொல்வார்கள். எட்டு வருஷம் காத்திருந்து, 1780இல் சிவகங்கையை மீட்டார். அழுது ஓய்ந்து மூலையில் உட்காராத அந்தப் பெண்மணியை நினைக்கும்போது, ஏறி வந்த களைப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

கோட்டை 1792இல் ஆங்கிலேயர் கைக்கு நிரந்தரமாகப் போயிற்று. கோபால் நாயக்கரை 1801இல் இதே ஊரில் தூக்கிலிட்டார்கள். இன்று மேலே பீரங்கி மேடை இருக்கிறது, முழக்கம் இல்லை. கோயில் இருக்கிறது, மூலஸ்தானத்தில் சுவாமி இல்லை. அபிராமி அம்மன் கீழே ஊருக்குள் இருக்கிறாள். அவளைத் தரிசித்துவிட்டுக் கொடைரோடு பக்கம் புறப்படுங்கள்.

சிறுமலை அடிவாரத்தில் வெள்ளோடு, மைக்கேல்பாளையம் வட்டாரத்தில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்கள். உள்ளே நுழைந்தால் பச்சை நிழல். தலையில் இடிக்கும் கறுப்புக் கொத்துகள். பன்னீர் திராட்சை! யாரோ ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டு வந்தது என்பது இந்தப் பக்கத்துப் பேச்சு. குளிர் தேசத்தில் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்துத் தூங்கிவிடும். நம் வெயிலில் அதற்குத் தூக்கம் ஏது? கவாத்து செய்தால் துளிர்த்து, சுமார் நான்கு மாதத்தில் மறுபடியும் பழம்!

சுலபமாகத் தோன்றுகிறதா? பழம் அடுக்கிக் கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் அப்படித்தான் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.

"கவாத்து, உரம், மருந்து எல்லாம் நம்ம செலவுங்க. பழுக்கிற நேரத்துல மழை பிடிச்சா பழம் வெடிச்சுப் போகும். அப்புறம் வியாபாரி சொல்றதுதான் விலை. பக்கத்துத் தோட்டத்துல கொடியைப் பிடுங்கிட்டாங்க. எங்களுக்கு மனசு வரலே."

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்கு ராணியின் ஞாபகம் வந்தது. மலைமேல் முற்றுகை முடிந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. பந்தலின் கீழே ஒவ்வொரு மழைக்கும் ஒரு முற்றுகை. பூட்டிக் காத்த கோட்டை காலியாக நிற்கிறது. வெளியிலிருந்து வந்த கொடியோ, இத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

ஆகவே, அடுத்த தடவை கொடைக்கானல் போகிற அவசரத்தில் இந்த ஊரைத் தாண்டி ஓடாதீர்கள். அரை நாள் இறங்குங்கள். பாதையோரம் பழம் வாங்கும்போது பேரம் பேசுவதைக் கொஞ்சம் குறைத்துக் கொள்ளுங்கள்.

பூட்டை மறக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளிடம் பத்திரமாகச் சேர்த்துவிட்டேன். திராட்சைக் கூடையைத்தான் பூட்டத் தவறிவிட்டேன்; மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக் குழந்தைகள் வெறுங்காம்பு மட்டும் மீதி வைத்திருந்தார்கள்!