கடற்பாலத்தின் ஓரத்தில் ஒரு காடு

உட்லண்ட்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு ஜோகூர் பயணமும் கடற்பால நெரிசலும்தான் நினைவுக்கு வரும். அந்த வரிசையிலிருந்து சற்று விலகி அட்மிரல்டி பூங்காவுக்குள் நுழைந்து பாருங்கள்.

27 ஹெக்டர் பரப்புள்ள இந்தப் பூங்காவின் 26 சறுக்குமரங்கள் பிள்ளைகளுக்கு நன்கு தெரியும். சற்றுத் தள்ளி, சுங்கை சீனா ஆற்றோரப் பலகைப் பாதையில் நடந்தால் அலையாத்திக் காடு தொடங்குகிறது. நீர் வற்றிய நேரத்தில் சேற்றைத் துளைத்துக்கொண்டு பென்சில்கள்போல் நிமிர்ந்து நிற்பவை மூச்சுவேர்கள். சேற்றில் காற்று குறைவு என்பதால், மூச்சுவிட வேர்கள் மேலே வருகின்றன.

சில கண்டல் மரங்களின் விதைகள் தாய்மரத்திலேயே முளைத்து, நாற்றாகக் கீழே விழுந்து, அலையில் மிதந்து வேறு கரையில் வேரூன்றுகின்றன. கடல்தான் இவற்றுக்குச் சாலை. ஆனால் அந்தச் சாலையிலும் தடுப்புகள் உண்டு. மலாய்த் தீபகற்பத்தின் கிழக்கிலும் மேற்கிலும் வளரும் ஒரே இன மரங்களின் மரபணுக்கள் வேறுபடுவதைச் சில கண்டல் இனங்களில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நடுவே கிடக்கும் நிலம் விதைகளைப் பிரித்துவிட்டது. அந்த நிலத்தின் தெற்கு முனையில் இருப்பது சிங்கப்பூர்.

மரபணு ஆய்வு சில நேரம் வியப்பும் தரும். உலகில் ஏறத்தாழ 200 மரங்களே இருப்பதாகக் கருதப்பட்ட புருகியேரா ஹைனெசியை இங்கும் வளர்கிறது. அது தனி இனமல்ல, இரண்டு உறவு இனங்களின் கலப்பு என 2016ல் வெளியான ஆய்வு காட்டியது.

நமக்கு நெருக்கமான மரம் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த இந்த மரம் பிச்சாவரத்தில் மட்டுமல்ல, சிங்கப்பூர்க் கரையிலும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். மலாய்க்காரர்கள் இதற்கு வைத்த பெயர் ‘பூத்தா பூத்தா’. ‘பூத்தா’ என்றால் குருடு.

அதே மரத்தின் இலைச்சாறு கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்குமா என்று ஆய்வகங்களில் சோதித்திருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அலையாத்தித் தாவரங்களின் மருத்துவக் குணங்களை நீண்டகாலமாக ஆராய்கிறது. ஆனால் கண்ணாடித் தட்டில் கிருமி அடங்குவது வேறு, மனித உடலுக்கு மருந்தாவது வேறு. வாட்ஸ்அப்பில் வரும் கைவைத்தியக் குறிப்பை நம்பி இலையைப் பறிக்க வேண்டாம்.

ஒரே இன மரமானாலும் ஊருக்கு ஊர் அதன் வேதிப்பொருள்கள் மாறலாம். அதனால் ஒரு காடு அழியும்போது, நாம் இன்னும் படித்துப் பார்க்காத ஒரு புத்தகமும் சேர்ந்து எரிகிறது. ஒரு காலத்தில் தீவின் ஏறத்தாழ 13 விழுக்காடு அலையாத்தியாக இருந்தது. இன்று எஞ்சியிருப்பது 1 விழுக்காட்டை ஒட்டியே. துண்டு துண்டாகிப்போன காட்டில் மரங்கள் தங்களுக்குள்ளேயே கலந்து, மரபணு வளமும் சுருங்கும் ஆபத்து உண்டு. 1924ல் திறக்கப்பட்ட கடற்பாலமும் நீரிணையின் இருபுறத்தையும் பிரித்துத்தான் நிற்கிறது.

கடற்பாலத்துக்கு மேற்கே, மண்டாய் சதுப்புநிலத்தில் 72.8 ஹெக்டரில் இயற்கைப் பூங்கா அமையும் என அறிவிக்கப்பட்டது நல்ல செய்தி.

போவதாக இருந்தால், நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். கொசுத் தைலம் அவசியம். பலகைப் பாதையைவிட்டு இறங்க வேண்டாம். இலையை ஒடிக்காமல் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.