வயல் இல்லாத ஊரின் பொங்கல்

பசியாவரத்தில் வயல் கிடையாது. ஒரு பக்கம் பழவேற்காடு ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் எங்கள் மணல்திட்டு. பாலம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் அரிசியும் வெல்லமும் கரும்பும் அக்கரையிலிருந்து படகேறித்தான் வரும். இருந்தும் தை முதல் நாள் எங்கள் தெருவில் பானை பொங்காத வாசலை நான் பார்த்ததில்லை. அறுவடையே செய்யாத நமக்கு அறுவடைத் திருநாள் எதற்கு என்று கேட்கத் தோன்றியதும் இல்லை. ஊரே சேர்ந்து செய்கிற காரியத்துக்கு யார் காரணம் கேட்கிறார்கள்?

கேட்டவர்கள் மாலத்தீவுப் பிள்ளைகள்.

அந்த நாட்டுப் பள்ளிகளில் தமிழ்நாட்டு, கேரள ஆசிரியர்கள் வெகுகாலமாக உண்டு. நானும் அங்கே ஒரு சின்னத் தீவில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அப்போதெல்லாம் பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்கும். புது வகுப்புப் பிள்ளைகளின் பெயர் நாக்கில் படிவதற்குள் பொங்கல் வந்துவிடும். விடுமுறை இல்லை, எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அது இஸ்லாமிய நாடு. பிற மதத்தார் பொதுவெளியில் வழிபடச் சட்டம் இடம் தராது. ஆகவே வாசலில் கோலம் இல்லை, சூரியனுக்குப் படையல் இல்லை. விடியுமுன் எழுந்து, கேஸ் அடுப்பில் எவர்சில்வர் பாத்திரத்தை ஏற்றி, ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுபோன வெல்லத்தைத் தட்டிப் போட்டேன். பொங்கி வழிந்தபோது, ‘பொங்கலோ பொங்கல்’ என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு அடுப்பைத் துடைத்தேன்.

சாயங்காலம் சந்தேகம் கேட்க வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். “சார், இது பொண்டிபை!” என்றான் ஒருவன். அரிசியும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து அவர்கள் வீட்டு விசேஷங்களில் செய்கிற இனிப்பு அது. எதற்காக இன்றைக்குச் செய்தீர்கள் என்றார்கள். நெல் அறுவடையைக் கொண்டாடுகிறோம் என்றேன்.

“உங்க அப்பாவுக்கு வயல் இருக்கா சார்?”

“இல்லை. மீன் பிடிக்கிறார்.”

“எங்க அப்பாவும்தான். எங்களுக்கு இந்தப் பண்டிகை இல்லையே, உங்களுக்கு எப்படி?”

கணக்கில் கேட்டிருந்தால் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருப்பேன். இதற்கு அன்று இரவெல்லாம் யோசிக்க வேண்டியிருந்தது.

ஆயா நினைவுக்கு வந்தார். தன் காலத்தில் கூடையில் கருவாடு சுமந்துபோய், கழனிப் பக்கத்து ஊர்களில் கொடுத்து நெல்லளந்து வந்ததைச் சொல்வார். ஆரணி ஆறு பொன்னேரிப் பக்கத்து வயல்களைக் கடந்துதான் எங்கள் ஏரிக்கு வருகிறது. மழைக்காலத்தில் அந்த நன்னீர் வந்து ஏரியின் உப்பைக் குறைக்க வேண்டும், முகத்துவாரம் திறந்திருந்து கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே ஏற வேண்டும். அப்போதுதான் எங்களுக்குப் பிழைப்பு உண்டு. மேலே நெல்லுக்குப் பாய்கிற தண்ணீர்தான் கீழே இறாலுக்கும். விளைச்சல் எங்களுடையது இல்லாவிட்டாலும் அந்தப் பானையில் எங்களுக்குப் பங்கு உண்டு.

மறுநாள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி, அவர்கள் நாட்டுக் கதையையும் சேர்த்துக்கொண்டேன். அவர்கள் சாப்பிடும் அரிசியும் கப்பலில் வருவதுதான். 1343-இல் அங்கே போய்ச் சேர்ந்து காஜியாக இருந்த இப்னு பதூதா, தீவுக்காரர்கள் சோழிகளைக் கொடுத்து வங்காளத்தாரிடம் அரிசி வாங்கியதை எழுதி வைத்திருக்கிறார். அவர்களுடைய மாசிக் கருவாடு இன்றும் இலங்கைச் சமையலில் மணக்கிறது. தூத்துக்குடியிலிருந்து சரக்குத் தோணிகள் மாலேக்குப் போய்வருகின்றன. விளைவிக்காத சோற்றைச் சாப்பிடுகிறவர்கள் நீங்களும் நானும். அதற்கான நன்றிதான் இது என்றேன்.

நல்ல விளக்கம் சொல்லிவிட்ட திருப்தியில் இருந்தேன். பின்வரிசைப் பையன் விடவில்லை. “அப்போ, நெல் விளைக்கிறவங்க உங்க மீனுக்கு எப்போ சார் பொங்கல் வைப்பாங்க?”

அவனுக்குக் காணும் பொங்கலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அன்றைக்குப் பழவேற்காட்டில் கூட்டம் அலைமோதும். வறுத்த மீனும் இறாலும் பறக்கும். மறுநாள் கரையெங்கும் பிளாஸ்டிக் கிடக்கும். முகத்துவாரம் தூர்ந்துபோகும் ஆண்டுகளில் நாங்கள் படும் பாடு வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சாப்பிடுகிறார்கள், ஆனால் அதைப் பொங்கல் வைப்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அயல்நாட்டுத் தமிழ்ப் பள்ளிகளின் பொங்கல் படங்களை இப்போதெல்லாம் பார்க்கிறேன். பிள்ளைகள் வேட்டியும் பாவாடையும் உடுத்தி, அட்டைக் கரும்புக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. அவர்களுக்கு ஏர் பூட்டவும் மாட்டைக் கும்பிடவும் சொல்லித் தருகிற ஆசிரியர்கள், அந்தப் பையன் எனக்குள் எழுப்பிவிட்ட கேள்வியையும் கேட்கட்டும்: இன்று நீ சாப்பிட்டதெல்லாம் யார் யார் பாடுபட்டு வந்தது? ஏர் பிடித்தவரோடு வலை இழுத்தவரும், மூட்டை தூக்கியவரும், கப்பல் ஓட்டியவரும் அந்தப் பட்டியலில் வந்தாக வேண்டும். வயலையே பார்த்திராத பிள்ளைக்கும் அப்போது பொங்கல் சொந்தப் பண்டிகையாகும்.