இராக்கூத்தைப் படம் பிடித்தல்

வட தமிழகத்தின் தெருக்கூத்து இரவில் தொடங்கி விடியும்வரை நடப்பது. தீவட்டியும் பெட்ரோமாக்ஸும் எரிந்த களரியில் இப்போது டியூப் லைட்டும் எல்.இ.டி. விளக்கும் எரிகின்றன. அப்படியும் கேமராவுக்கு வெளிச்சம் போதாது, ஆடுபவரோ நிற்பதில்லை. ஃபிளாஷ் போட்டால் கூத்தாடிக்குக் கண் கூசும். கிரீடத்திலும் புஜகீர்த்தியிலும் பதித்த கண்ணாடிச் சில்லுகளில் ஒளி பட்டுத் தெறிக்கும். ஆகவே படக்காரர்கள் களரி வெளிச்சத்தையே நம்புகிறார்கள்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது ஷட்டர் வேகம். கட்டியங்காரன் நின்று பேசும்போது 1/125 நொடி போதும். அடவு வைத்து நடக்கும் வேடத்துக்கு 1/250 வேண்டும். சுழன்றாடும்போது 1/500 இல்லாவிட்டால் முகம் கலங்கிவிடும். 1/125இலிருந்து 1/500க்குப் போனால் ஒளி கால்பங்காகக் குறையும். லென்ஸின் திறப்பும் ஐ.எஸ்.ஓ.வும்தான் அதை ஈடுகட்ட வேண்டும். எஃப்/2.8ஐவிட எஃப்/1.8 இரண்டு மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். ஆனால் அந்தத் திறப்பில் கூர்மை விழும் ஆழம் குறைவு. தொடர் ஃபோகஸை வேடத்தின் கண்மீதே வைக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. பெரும்பாலும் 3200க்கும் 6400க்கும் இடையில் நிற்கும்.

பின்னணி இருட்டு, கேமராவின் ஒளிமானியை ஏமாற்றி முகத்தை வெளிறச் செய்யும். மேனுவல் முறையில் முகத்தைப் பார்த்து அளவு வைப்பதே சரி. சிவப்பு அரிதாரம் சீக்கிரம் வெளிறும் என்பதால் ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியே கவனிக்க வேண்டும்.

இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்வதால், 1/500இல் எடுத்த படங்களில் பட்டைகள் விழலாம். கேமராவில் ஃபிளிக்கர் தடுப்பு இருந்தால் அதைப் போட வேண்டும். இல்லையென்றால் 1/100க்கு இறங்கி, ஆட்டம் ஒரு கணம் நிலைகொள்ளும் இடத்துக்குக் காத்திருக்க வேண்டும். அந்த இடத்தை மிருதங்கமும் தாளமும் முன்கூட்டியே சொல்லிவிடும். பாட்டு தெரிந்த படக்காரருக்கு இதில் பாதி வேலை மிச்சம்.

படங்களை ரா வடிவில் எடுத்தால் திருத்துவது எளிது. முதலில் தொடர்படங்களில் கண் கூர்மையாக விழுந்ததை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவற்றைக் கழிக்க வேண்டும். பிறகு வெள்ளை வேட்டியையோ திரையையோ அடையாளமாக வைத்து வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்து, முகத்தின் வெளிச்சத்தைத் திருத்தலாம். அடுத்து, உயர்ந்த ஐ.எஸ்.ஓ.வால் படத்தில் விழும் நிறப்புள்ளிகளை நீக்க வேண்டும். அவற்றோடு வரும் சாம்பல் குருணையை முழுதும் துடைத்தால் அரிதாரத்தின் தீற்றல் மெழுகிவிடும். இருட்டை இழுத்து வெளுப்பாக்கினால் குருணை பெருகும். கடைசியில் வெட்டிச் சீராக்கி ஜேபெக்காக எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு கோப்பிலும் கூத்தின் பெயர், குழு, ஊர், தேதி ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். இவை இல்லாத படம் ஆவணமாகப் பயன்படாது.