கூட்டு

டென்னிஸைப் போலத் தனிமையான ஆட்டம் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஜெயித்தாலும் ஒருத்தி, தோற்றாலும் அவளே. அந்த ஆட்டத்திலும் ஒரு தேசத்துப் பெண்கள் கூட்டாக நிற்பதற்கென்று 1963இல் லண்டனில் ஒரு கோப்பை ஏற்பட்டது. முதலில் பெடரேஷன் கோப்பை. 2020 செப்டம்பரிலிருந்து பில்லி ஜீன் கிங் கோப்பை.

பெயர் மாறுவதற்கு முன், அந்த வருஷம் மார்ச்சில், துபாயில் நம்மவர்கள் இந்தோனேசியாவைச் சந்தித்தார்கள். முதல் ஆட்டத்தில் ருதுஜா போஸ்லே தோற்றார். இரண்டாவதில் அங்கிதா ரெய்னா ஜெயித்தார். பிறகு அவரே சானியா மிர்ஸாவோடு இரட்டையர் ஆட்டத்துக்கு இறங்கினார். சானியா அப்போது இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தாய். இருவரும் வென்றார்கள். உலகப் பிரிவுக்கான தகுதிச் சுற்றில் இந்தியா முதன்முறையாக நுழைந்தது.

என் நினைப்பெல்லாம் ருதுஜாவின் மேல்தான். தோற்றவர் அந்தச் சந்தோஷத்தில் எப்படிப் பங்கு கேட்பார்? பள்ளிப் பூப்பந்தில் தன்னால் கட்சி தோற்றதென்று என் மகள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவள்.

கட்டுமாவடி மீன் ஏலத்தில் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு குவியலை எடுத்ததைப் பார்த்தேன். ஒருத்தியின் கூடை மட்டும் விலைபோகவில்லை. ஆனாலும் பணத்தை மூன்றாகவே பிரித்தார்கள். "அவங்க விக்கலையே?" என்றேன்.

"கூட்டுன்னா நட்டத்துக்கும் சேத்துத்தானே, தம்பி!" என்றார் மூத்தவர்.

2021இல் லாட்வியாவிடம் இந்தியா தோற்ற செய்தியைப் படித்தபோது, மகளைக் கூப்பிட்டு இந்தக் கணக்கைத்தான் சொன்னேன்.